ஒரே வீட்டுக்கு 2 சாம்பியன் பட்டம்: மிஸ் பாத்திமாவைத் தெரியுமா?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தெருவுக்கு நாலு பாத்திமா இருப்பார்கள். ஆனால் பிரித்தானியாவையே செஸ்ஸில் மடக்கிய பாத்திமாவைத் தெரியுமா?

• 1933, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரம். பிரித்தானியப் பெண்கள் சாம்பியன் போட்டி. மிஸ் பாத்திமா ஆடியது 11 ஆட்டம். வெற்றி 10, சமநிலை 1, தோல்வி பூச்சியம்! அடுத்து வந்தவரைவிட 3 புள்ளி கூட!

• இவர் சீமாட்டி இல்லை. பஞ்சாபின் பெரும் நிலக்காரர் நவாப் சர் உமர் ஹயாத் கான் வீட்டில் வேலைக்கு இருந்தவர்! முழுப் பெயர் குலாம் பாத்திமா.

• இன்னும் கேளுங்கள்! அதே நவாபின் ஆள்தான் மிர் சுல்தான் கான். 1929, 1932, 1933 என மூன்று தடவை பிரித்தானிய சாம்பியன்! 1933இல் ஒரே ஊரில், ஒரே வீட்டுக்கு இரண்டு பட்டமும் போயின!

• அந்தக் கால இந்திய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலப் பாயலாம்! அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஊரிலிருந்து போய்த்தான், இங்கிலாந்தின் சட்டப்படி ஆடி ஜெயித்தார் பாத்திமா.

• வென்ற கையோடு என்ன ஆனது? அந்த வருடக் கடைசியில் நவாப் தன் ஆட்களோடு ஊர் திரும்பினார். பாத்திமாவின் போட்டி வாழ்க்கையும் அத்தோடு சரி! சொந்தமாகப் பயணச்சீட்டு எடுத்துப் போக அவர் யார்? பல பத்தாண்டுகள் கழித்து, 1990இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் சுல்தான் கான் பற்றிய ஆவணப்படத்தில்தான் உலகம் பாத்திமாவை மறுபடி கண்டது.

• இந்தியாவில் பெண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியதே 1974இல்! பாத்திமா வென்று 41 வருடத்துக்குப் பிறகு! இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டராக கொனேரு ஹம்பி வந்தது 2002இல்.

• 2024இல் உலக செஸ் சம்மேளனம் மறைந்த சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. பாத்திமாவுக்கு? அவர் முறை இன்னும் வரவில்லை!

தங்கச்சிமாரே, இன்றைக்கே காக்காவைக் கூப்பிட்டுப் பலகையை விரியுங்கள். காலாளுக்கு ஒரு கட்டம், ராஜாவுக்கு ஒரு குதிரைப் பாய்ச்சல். யார் ஜெயிக்கிறார் பார்ப்போம்!