நடந்தால் தெரியும் தெரு!

இரண்டு தெருக்கள். இரண்டும் ஒரே நீளம்தான். ஒன்றில் நடந்தால் கால் வலிக்கிறது. மற்றதில் நடந்ததே தெரிவது இல்லை. என்ன காரணம்?

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். அங்கே "ஸ்ட்ரோய்" என்று ஒரு கடைத்தெரு. ஒரு கிலோ மீட்டருக்குச் சற்று அதிக நீளம். 1962-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்தத் தெருவில் கார்கள் போகத் தடை போட்டார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். குளிர் நாட்டில் யார் நடப்பார்கள் என்ற கேள்வி வேறு! ஆனால், கூட்டம் பெருகியது. 1964-ல் தடை நிரந்தரம் ஆனது.

நின்று எண்ணினார்

யான் கெல் என்ற கட்டிடக் கலை நிபுணர், அந்தத் தெருவில் நின்று ஆட்களை எண்ணினார். எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்.

அவர் கணக்கு இதுதான்: மனிதன் மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகத்தில் நடக்கிறான். ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒரு முறை அவன் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும். 100 மீட்டருக்குள் 15 முதல் 20 வாசல்கள் இருந்தால் அது கிடைக்கும்.

மாடி எத்தனை என்பது பற்றி நடப்பவருக்குக் கவலை இல்லை. அவர் பார்ப்பது கீழ்த்தளத்தைத்தான். அங்கே வாசலும் ஜன்னலும் இல்லாத நீண்ட மதில் இருந்தால், நடை அலுத்துவிடும். (குழந்தை "தூக்கு" என்று அழுவதும் பெரும்பாலும் அங்கேதான்!)

இரவில் கேட்கவே வேண்டாம். கடை விளக்கு எரியும் பக்கமாகவே பெண்கள் நடப்பார்கள். மதில் ஓரம் ஆள் இல்லாமல் கிடக்கும்.