முருங்கைப் பொடியா, கம்பங்கூழா?



இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் முருங்கைக்கீரைப் பொடி பாக்கெட் தொங்குகிறது. 'பாலைவிட 17 மடங்கு கால்சியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கொல்லைக்குக் கொல்லை முருங்கை நிற்கிறது. ஆனாலும் காசு கொடுத்துப் பொடி வாங்குகிறோம். அதைப் பற்றி நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான் இருந்தது. 12 இருக்க வேண்டுமாம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் நாத்தனாரோ, "மாத்திரை எல்லாம் சூடு மைனி. இந்தப் பொடிய தெனம் ஒரு ஸ்பூன் குடுங்க, ரத்தம் தானா ஊறும்" என்று ஒரு பாக்கெட்டோடு வந்துவிட்டாள். மாமியார், "பொடி எதுக்கு? கம்பங்கூழ் காய்ச்சிக் குடு" என்றார். யார் சொல்வதைக் கேட்பது?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட சத்து அட்டவணையைப் பார்த்தேன். 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து சுமார் 4.6 மில்லிகிராம், கால்சியம் 314. கம்பில் இரும்புச்சத்து 6.4, கால்சியம் வெறும் 27. நாம் மூன்று வேளையும் சாப்பிடும் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 0.65 தான்!

பொடிக்கு வருவோம். பச்சைக் கீரையில் முக்கால் பங்கு தண்ணீர். 100 கிராம் கீரையைக் காய வைத்தால் கிட்டத்தட்ட 25 கிராம் பொடிதான் தேறும். தண்ணீர் போனதால் கிராமுக்குக் கிராம் சத்து கூடித் தெரிகிறது, அவ்வளவுதான். 5 கிராம் கொண்ட ஒரு ஸ்பூன் பொடி என்பது 20 கிராம் கீரை, அதாவது ஒரு கைப்பிடி. அதில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட வராது. கால்சியம் அரை டம்ளர் பாலுக்கு ஈடாகாது. பாலை டம்ளர் கணக்கில் குடிக்கிறோம், பொடியை யாராவது டம்ளர் கணக்கில் சாப்பிடுவார்களா? வைட்டமின் சி-யும் காய வைக்கும்போதே பெருமளவு போய்விடும்.

100 கிராம் கம்பு ஒருவருக்கு ஒரு வேளைச் சோறு. அதில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள். ஆக, இரும்புச்சத்தில் ஜெயித்தது மாமியாரின் கம்புதான். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசலில் விளைகிற கம்பு நமக்கு எட்டாத பொருளா என்ன? கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகு. 100 கிராமில் 364 இருக்கிறது.

அதற்காகக் கீரையை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ சத்து கம்பில் அநேகமாக இல்லை, முருங்கையில் ஏராளம். தானியத்தில் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் ஓரளவு சேரும். கீரையை இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தாலோ, கூடவே ஒரு நெல்லிக்காய், கொய்யா தின்றாலோ இன்னும் நல்லது. சாப்பிட்ட உடனே டீ, காபி மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ரத்தம் இவ்வளவு குறைந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் 11.4 ஆனது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. பொடி வாங்கும் காசில் கம்பு வாங்குங்கள். கீரையைக் கொல்லையில் பறித்துக்கொள்ளுங்கள்!

- ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்.