உளுத்த மரமும் ஓடும் காரும்

'மைனர்' என்றதும், மடிப்புக் கலையாத ஜிப்பாவும் கழுத்திலே தங்கச் சங்கிலியுமாய்க் கடைத்தெருவில் உலா வந்த பேர்வழிகளே நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் வரக்கூடுமாயினும், இங்கிலாந்திலே அந்தப் பெயர், அலெக் இஸிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்து 1948-ல் வெளிவந்த, உருண்டு திரண்ட, பரமசாதுவான மாரிஸ் மைனர் காரையே குறிக்கும். அந்த வம்சத்தில் டிராவலர் என்று ஒரு வகை உண்டு. அதன் பின்பாதி ஆஷ் மரச் சட்டங்களால் இணைக்கப்பட்டது. அம்மரம் வெறும் அலங்காரமென்று எண்ணி வாங்கியவர்கள் பிற்பாடு வருந்தியிருக்கிறார்கள். பின்புறத்துக் கூரையையும் பக்கங்களையும் தாங்கி நிற்பது அதுவேயாதலால், வருஷாந்தரச் சோதனைக்கு வண்டி வரும்போது, துருப்பிடித்த தகட்டைத் தட்டிப் பார்ப்பது போலவே மரத்தையும் தட்டியும் அழுத்தியும் பார்க்கும் சோதனைக்காரர், அது உளுத்திருக்குமானால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், வண்டி தேறவில்லை என்று எழுதிவிடுவார்.

இச்சோதனைக்கு ஜனங்கள் வழங்கும் பெயர் எம்.ஓ.டி. என்பது. போக்குவரத்து மந்திரி இலாகாவின் பழைய பெயர்ச் சுருக்கம் அது. இலாகாவின் பெயர் எத்தனையோ முறை மாறியும், சோதனையின் பெயர் மாறவில்லை. எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் மந்திரியாக இருந்த 1960-ல், பத்து வயது கடந்த வாகனங்களுக்கென்று இது ஏற்பட்டபோது, பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகிய மூன்றையே பார்த்தார்கள். அந்த எளிய பரீட்சையிலேயே தோற்ற வண்டிகள் ஏராளமாக இருந்தபடியால், வயது வரம்பு 1961 முடிவதற்குள் ஏழாகவும், 1967-ல் மூன்றாகவும் இறக்கப்பட்டது.

கிழட்டு வண்டிகளைப் புதிய வண்டிகளின் அளவுகோலால் அளப்பது நியாயமல்ல என்பதைச் சோதனை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. 1965-க்கு முன் ஓடத் தொடங்கிய காரில் சீட் பெல்ட் இல்லையே என்று யாரும் கேட்பதில்லை. 1936-க்கு முந்தியதில் திரும்பும் திசை காட்டும் விளக்குகூட அவசியமில்லை. 1975 ஆகஸ்டுக்கு முற்பட்ட காரின் புகையைக் கருவி வைத்து அளக்காமல், அது அளவுக்கு மீறிப் போகிறதா என்று கண்ணாலேயே பார்த்துத் திருப்தியடைகிறார்கள். இவ்வளவு சலுகை காட்டிய அரசாங்கம் பின்னர் ஒரு படி மேலே சென்று, 1960-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு 2012 நவம்பரிலும், நாற்பது வயது நிரம்பிய கார்களுக்குப் பொதுவாக 2018 மே 20 முதலும், சோதனையே வேண்டாமென்று விலக்களித்துவிட்டது. புராதன வண்டியை வைத்திருப்பவர்கள் அதைக் குழந்தைபோலப் பேணுகிறார்கள், வருஷத்துக்குச் சில நூறு மைல்களே ஓட்டுகிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெரும்பாலும் அது உண்மையுங்கூட.

ஆனால், இவ்விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. விஷயத்தின் சுவாரஸ்யமெல்லாம் அதிலேதான் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வண்டியில் 'கணிசமான மாறுதல்' செய்திருக்கக் கூடாது. சேஸிஸையோ, சேஸிஸும் பாடியும் ஒன்றான கூட்டையோ மாற்றுவதும், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் முதலியவற்றின் முறையையே வேறாக்குவதும், வேறு சிலிண்டர் கணக்குள்ள எஞ்சினைப் பொருத்துவதும் அவ்வகையைச் சேர்ந்தவை; அசல் உதிரிபாகம் கிடைக்காத நிலையில் வண்டியைக் காப்பாற்றுவதற்காகச் செய்ததும், பிரேக் முதலியவற்றைப் பத்திரத்தை உத்தேசித்து மேம்படுத்தியதும் அதில் சேரா. வண்டி பழையதா என்று மட்டும் கேட்டு நிற்காமல், இது இன்னும் அதே வண்டிதானா என்றும் சட்டம் கேட்கிறது! துரு தின்ற தகட்டையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைத்த ஒரு மைனரின் முன்னால் நின்று இக்கேள்விக்கு விடை சொல்வது, வேதாந்திகளுக்கே சற்றுச் சிரமமான காரியம். பதிவு இலாகாவோ வேதாந்தத்தை நாடாமல் மதிப்பெண் கணக்கு ஒன்றை வெகுகாலம் வைத்திருந்தது: கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1, மொத்தம் 14-ல் 8 கிடைத்தால் வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக் கொள்ளலாம், கிடைக்காவிடில் பூர்வீகம் விளங்காத வண்டி என்று காட்டும் 'க்யூ' எழுத்தைச் சுமக்க வேண்டியதே. காரின் இருதயமென்று நாம் கருதும் எஞ்சினுக்கு ஒரே மதிப்பெண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வரி விஷயம் இவ்வளவு சிக்கலானதல்ல. இருபத்தைந்து வயதானால் வரி இல்லை என்று 1996-ல் தொடங்கிய ஏற்பாடு, 1973-க்கு முற்பட்டவற்றுக்கே என்று சில ஆண்டுகளில் சுருக்கப்பட்டு, 2014 முதல் நாற்பது வயது என்னும் கணக்கில் ஆண்டுதோறும் நகர்ந்து வருகிறது. 1984 ஜனவரி முதல் தேதிக்கு முன் தயாரான கார், 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வரியற்றது. தயாரான தேதி தெரியாவிட்டால், ஜனவரி 8-க்கு முன் பதிவாகியிருந்தாலும் போதும், தொழிற்சாலையிலிருந்து புத்தாண்டு விடுமுறை தாண்டிப் பதிவுக்கு வர ஒரு வாரம் ஆகாதா என்ற தயாளம் போலும். ஆனால் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டினால் விலக்கு இல்லை. ஒரு காசும் கட்ட வேண்டாத அந்த வரிக்கும் ஆண்டுதோறும் தவறாமல் விண்ணப்பித்தாக வேண்டும் என்பது, சர்க்கார் காரியாலயங்களை அறிந்த நம்மவர்களுக்கு ஆச்சரியமளிக்காது.

சோதனை வேண்டாமென்றாலும், பழுதான வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்த குற்றம் குற்றமே. 2,500 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். இந்த விலக்கை நான் முழுமனதோடு பாராட்ட முடியாததற்கு மைனரே காரணம். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்னும் திருகுமூட்டுக்குக் கிரீஸ் போட மறந்தால், உள்ளேயுள்ள மரை சத்தமின்றித் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் திருப்பத்தில் கழன்று, சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிப் படுத்துவிடும். பளபளக்கும் பெயின்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கும் ஓர் அந்நியனின் கைகளுக்குத்தான் அது தெரியும். அதனால்தான், விலக்குப் பெற்ற பிறகும் ஆண்டுக்கொரு முறை கட்டணம் கட்டித் தாமாகவே சோதனைக்கு வண்டியைக் கொண்டு போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.