ஒவ்வொரு படியிலும் ஓர் ‘அம்மா’

நம் வீடுகளில் நாளுக்கு நூறு முறை ஒலிக்கும் சொல் ‘அம்மா’. நூறாவது முறை கேட்கும்போது, “கொஞ்ச நேரம் சும்மா இரேன்!” என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குச் செவிகொடுத்த ஒரு தாயைப் பற்றி இன்று சிந்திப்போம்.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர் செலி மார்ட்டின். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறு வயதிலேயே இழந்தவர். அவருடைய கடைக்குட்டிதான் நாம் ‘சிறுமலர்’ என்று அழைக்கும் புனித குழந்தை தெரேசா. அக்குழந்தைக்கு ஏறத்தாழ மூன்று வயதாக இருந்தபோது நடந்ததைச் செலி ஒரு கடிதத்தில் எழுதினார். தெரேசா மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று “அம்மா” என்று கூப்பிடுவாள். தாய் பதில் சொன்னால்தான் அடுத்த படி. ஒருமுறை பதில் வராவிட்டாலும், மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும் அங்கேயே நின்றுவிடுவாள்.

இதெல்லாம் ஒரு பெரிய செய்தியா? ஆயினும் அத்தாய் அதைக் கவனித்தார், எழுதியும் வைத்தார். 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புற்றுநோய் அவரை எடுத்துக்கொண்டது. தெரேசாவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. பிற்காலத்தில் கார்மேல் மடத்தில் தன் வரலாற்றை எழுதியபோது, தாயின் அந்த வரிகளைத் தெரேசா அதில் சேர்த்துக்கொண்டார். புனிதத்தின் படிகளில் ஏறத் தனக்குச் சக்தியில்லை, இயேசுவின் கரங்களே தன்னைத் தூக்கிச் செல்லும் லிஃப்ட் என்றும் அவர் எழுதினார். கூப்பிட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கையைக் குழந்தை முதலில் கற்பது பெற்றோரிடம்தானே!

2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், செலியையும் அவருடைய கணவர் லூயியையும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார். அவர்கள் துறவிகளல்லர், மறைசாட்சிகளுமல்லர், பிள்ளை வளர்த்தவர்கள். நாசரேத்திலும் இப்படித்தான். இயேசுவின் பன்னிரண்டு வயது முதல் ஏறத்தாழ முப்பது வயது வரை நடந்ததை நற்செய்தி விவரிக்கவில்லை. சமையலும் தச்சுவேலையும் செபமுமாகக் கழிந்த அந்த ஆண்டுகளும் மீட்பின் ஆண்டுகளே. நிகழ்ந்தவற்றையெல்லாம் மரியா தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார் என்று லூக்கா சொல்கிறார்.

பெற்றோரே, களைத்துப்போவது பாவமல்ல. செலியின் கடிதங்களிலும் களைப்பும் கவலையும் உண்டு. ஆனால் தலைபின்னுவதும், சோறூட்டுவதும், வீட்டுப்பாடத்தோடு மல்லாடுவதும் முடிந்த பிறகு தொடங்குவதல்ல குடும்ப வாழ்வு. அவையே குடும்ப வாழ்வு. இன்றிரவு கைப்பேசியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பிள்ளை கூப்பிடும்போது முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். குடும்ப செபத்தில், அன்று பிள்ளை செய்த ஒரு சின்னக் காரியத்தைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள்.

நாம் கூப்பிடும் ஒவ்வொரு படியிலும் பதில் தரும் இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.