அம்மா வீட்டுக் கற்றாழையும் ஊட்டிப் பனியும்

நான் பிறந்து வளர்ந்தது சாத்தூர் பக்கம். வாக்கப்பட்டது ஊட்டி. வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தக் குளிர் அழுகையை வரவழைத்தது. பதினாலு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. நான் கொண்டுவந்த செடிக்குத்தான் பழகவில்லை. அந்தக் கதையைச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

எங்கள் அம்மா வீட்டில் கிணற்றடியில் சோற்றுக்கற்றாழை மண்டிக் கிடக்கும். அம்மா அதைத் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தாளாம். கையைச் சுட்டுக்கொண்டால் கற்றாழை, தலைச் சூட்டுக்குக் கற்றாழை, தம்பிக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கவும் அதன் கசப்புத்தான். 2019-ல் அம்மா தவறிப்போனாள். காரியமெல்லாம் முடிந்து, வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது ஆளுக்கொன்றாகப் பாத்திரம் பண்டம் எடுத்தார்கள். நான் ஒரு மஞ்சள் பையில் ஐந்து கற்றாழைக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். "இதுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டுப் போறே?" என்று மதினி சிரித்தார்.

எங்கள் வீடு காந்தல் பக்கம். நாலு கன்றை வாசலில் நட்டேன். ஐந்தாவதுக்கு இடமில்லாமல் ஓட்டைப் பவுடர் டின்னில் வைத்து, வெந்நீர் அடுப்புச் சுவரோரமாகக் கூரைக்கடியில் தள்ளிவிட்டேன். வாசல் செடிகளுக்கு ஆசையாசையாய் எருப் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். "இந்த ஊர்ல அது வராதும்மா" என்றார் அத்தை. அவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஜூலை மழையில் இரண்டு போயிற்று. தொட்டதும் அடியோடு கையில் வந்துவிட்டது, ஒரே அழுகல் நாற்றம். டிசம்பரில் ஒருநாள் விடிகாலை கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளை. மீதி இரண்டும் வேகவைத்த கத்தரிக்காய் மாதிரி தொளதொளவென்று தொங்கின. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "பத்து ரூபாய்க் கற்றாழைக்கா இத்தனை அழுகை? கோயம்புத்தூர் போகும்போது வாங்கித் தர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். கோயம்புத்தூர்க் கற்றாழை எங்கள் கிணற்றடிக் கற்றாழை ஆகுமா? அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

அப்போது அத்தைதான் பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். "இங்க ஒண்ணு நல்லாத்தானே இருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால், நான் மறந்தே போயிருந்த பவுடர் டின் கன்று! தண்ணீரே ஊற்றாததால் இலை சுருங்கிச் சிவந்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது.

பக்கத்துத் தெருவில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குக் கண்ணைத் திறந்தது. கற்றாழையைக் கொல்வது குளிர் மட்டும் இல்லையாம், குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்தாம். இலை முழுக்க நீர்தானே? அது உறைந்தால் விரிந்து உள்ளே எல்லாம் கிழிந்துவிடும். நீர் குறைந்து சுண்டியிருக்கும் செடி கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டு வீட்டில் பிழைக்கும் செடி எங்கள் பள்ளத்து வீட்டில் சாகும்.

அன்று முதல் மண்ணை மாற்றினேன். பாதிக்குப் பாதி ஆற்று மணல், மீதியில் தோட்டத்து மண், உடைத்த செங்கல் ஜல்லி, அடுப்புக் கரித்துண்டு. தொட்டிக்கு ஓட்டை ஒன்றுக்கு மூன்றாக. மழைக்காலம் முழுக்கத் தொட்டிகள் கூரைக்கடியில்தான். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய அநேகமாகத் தண்ணீர் கிடையாது. பனி விழும் என்று தோன்றும் இரவில் நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்குப் போட்டு மூடுவேன். வெயில் நன்றாக ஏறிய பிறகே எடுப்பேன். பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம், இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மிலார் செடியைக் கூடாரம் போலப் பரப்பிப் பூச்செடிகளை மூடி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான்.

ஒரு கன்றைக் காப்பாற்றக் கிளம்பியவள், இப்போது 23 தொட்டி வைத்திருக்கிறேன். கற்றாழையில் ஐந்நூறுக்கும் மேல் வகை உண்டு என்று தெரிந்தபோது வாயடைத்துப் போனேன். பெரும்பாலும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா பக்கத்துச் செடிகள். நம் சோற்றுக்கற்றாழையே அரேபியாவிலிருந்து வந்ததுதானாம்! அதற்குப் பனி ஆகாததில் ஆச்சரியம் என்ன?

ஆனால் குளிர் மலையில் பிறந்த வகைகளும் இருக்கின்றன. மே மாத மலர்க்காட்சி சமயம் ஒரு நர்சரிக்காரரிடம் 60 ரூபாய்க்கு அரிஸ்டேட்டா என்ற குட்டி வகை வாங்கினேன். உள்ளங்கை அகலம்தான். இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி, நுனியில் மயிர் போல ஒரு இழை. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ மலைகளைச் சேர்ந்தது. உறைபனியில் வெளியே கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை, மகராசி! இன்னொன்று மரம் போலக் கிளைவிடும் ஆர்போரெசென்ஸ். எஸ்டேட் பங்களாவில் வேலை பார்க்கும் அக்கா ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தார். குளிர்காலத்தில் தீப்பந்தம் போலச் செக்கச் சிவந்த பூ விடும், தேன்சிட்டு வரிசையாக வரும். பூந்தண்டு மட்டும் பனிக்குத் தாங்காது, ஒரு வருஷம் மொட்டிலேயே கருகிவிட்டது. இலைகள் திருகுச் சக்கரம் போலச் சுற்றி வரும் லெசோத்தோ வகை ஒன்றை மகள் செல்போனில் காட்டினாள். அங்கே மலையில் அழிந்துவருவதால் காட்டிலிருந்து எடுத்து விற்கத் தடை. படத்தில் பார்த்தே திருப்திப்பட்டுக்கொள்கிறேன்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று. வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆனைக்கற்றாழை இந்த இனமே இல்லை. அது மெக்சிகோப் பக்கத்துச் செடி. வாழ்நாளில் ஒரே தடவை பூத்துச் செத்துவிடும். நம் கற்றாழையோ வருஷா வருஷம் பூக்கும். ஒடித்துப் பார்த்தால் அதில் நார் இருக்கும், இதில் சோறு இருக்கும்.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. அலங்கார வகைகளை வாயில் வைத்துவிடாதீர்கள். சோற்றுக்கற்றாழையிலும் தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும். அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடைக் கரியபோளம். பிள்ளைத்தாய்ச்சிகள் பக்கமே போகக்கூடாது.

அம்மாவின் செடி இப்போது பெரிய தொட்டியில் அதே வெந்நீர் அடுப்புச் சுவரோரம் இருக்கிறது. சாத்தூரில் இருந்ததுபோலக் கொழுகொழுவென்று இல்லை, ஒல்லிதான். இந்த வருஷம் நாலு கன்று விட்டிருக்கிறது. வீட்டை வாங்கியவர்கள் கிணற்றை மூடி அந்த இடமெல்லாம் சிமெண்டு போட்டுவிட்டார்களாம். போன வாரம் மதினி போன் செய்து, "அத்தை வீட்டுக் கத்தாழை உன்கிட்ட இன்னும் இருக்கா? எனக்கு ஒண்ணு குடேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. கன்றைப் பிரித்து மண்ணை உதறி, வெட்டுக்காயம் ஆறட்டும் என்று நிழலில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதுரை போகும் என் வீட்டுக்காரரிடம் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்ப வேண்டும். நட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று மதினிக்குத் தனியாகச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

— ஓர் ஊட்டி வாசகி