ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம்: கடலடிக் கம்பியும் கால மாறிலியும்

மின்தேக்கி பாடத்தில் 'கால மாறிலி' என்று ஒன்று வரும். மின்தடையை மின்தேக்குத்திறனால் பெருக்கினால் விடை விநாடியில் வரும். ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் விநாடி எப்படி வருகிறது என்று ஒரு நிமிடம் ஆச்சரியப்படுவோம். அப்புறம் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

இந்தச் சாதாரணப் பெருக்கலை முன்வைத்து 1850களில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஒரு பக்கம் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பிற்காலத்தில் கெல்வின் பிரபு, வெப்பநிலை அலகில் இருக்கிறாரே, அவரேதான்). இன்னொரு பக்கம் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ், படிப்பால் அறுவை மருத்துவர், தந்தித் துறைக்கு வந்து அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின் பொறுப்பாளர் ஆனவர். நடுவில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடியில் கிடந்த கம்பி.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். தரையில் கம்பங்களில் தொங்கும் தந்திக் கம்பியில் சேதி பளிச்சென்று போய்விடும். அதே கம்பியைக் காப்புறை போட்டுக் கடலுக்குள் இறக்கினால், ஒரு முனையில் கூர்மையாகத் தட்டிய புள்ளி மறுமுனையில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடாக வந்து சேர்ந்தது. அடுத்தடுத்து வேகமாகத் தட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாம் ஒரே குழம்பு.

ஏன் இப்படி என்று 1854இல் விளக்கியவர் ஃபாரடே. கடலடிக் கம்பியின் குறுக்குவெட்டை மனசில் வரைந்து பாருங்கள். நடுவில் செம்பு. அதைச் சுற்றி கட்டாபெர்ச்சா (மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து எடுக்கும் ரப்பர் மாதிரியான பொருள்). அதற்கு வெளியே இரும்புக் கவசமும் உப்புத் தண்ணீரும். கடத்தி, காப்பான், கடத்தி. அதாவது, இது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மின்தேக்கி! கம்பத்துக் கம்பிக்கும் இன்னொரு தகடு உண்டு, அது கீழே இருக்கிற பூமி. ஆனால் அது பல மீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் தண்ணீரோ செம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில். போதாததற்கு இடையில் காற்றுக்குப் பதில் கட்டாபெர்ச்சா. கணக்குப் போட்டால் கடலடிக் கம்பியின் தேக்குத்திறன் சுமார் 20 மடங்கு அதிகமாக வருகிறது.

இப்போது தாம்சன் செய்ததைப் பார்ப்போம். கம்பியைச் சிறுசிறு துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன மின்தடை, ஒரு சின்ன மின்தேக்கி. முதல் மின்தேக்கி நிரம்பினால்தான் அடுத்ததற்கு மின்னூட்டம் போகும், அதையும் மின்தடை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இதற்கு எழுதும் சமன்பாடு, இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் சூடு எப்படிப் பரவும் என்று ஃபூரியே எழுதிய அதே சமன்பாடு. சூடு அலையாகப் போவதில்லை, கசிந்து பரவுகிறது. கடலடிக் கம்பியில் சேதியும் அப்படியே.

இதிலிருந்து வரும் முடிவுதான் முக்கியம். கம்பியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் மொத்த மின்தடை இரண்டு மடங்கு; மொத்தத் தேக்குத்திறனும் இரண்டு மடங்கு. பெருக்கினால் நான்கு மடங்கு. தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 'வர்க்க விதி' என்று பெயர் பெற்றது இதுதான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 1858 கம்பியில் ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு, 261 பவுண்டு கட்டாபெர்ச்சா. இதை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில் கிலோமீட்டருக்கு 6 ஓம், 0.12 மைக்ரோஃபாரட் வருகிறது.

100 கிலோமீட்டருக்கு: 600 ஓம் × 12 மைக்ரோஃபாரட் = 7.2 மில்லிவிநாடி. கவலையே இல்லை.

3,500 கிலோமீட்டருக்கு: 21,000 ஓம் × 420 மைக்ரோஃபாரட் = சுமார் 8.8 விநாடி!

நீளம் 35 மடங்குதான் கூடியது, காலம் 1,225 மடங்கு கூடிவிட்டது. தடையும் தேக்குத்திறனும் கம்பி நெடுகப் பரவியிருப்பதால் நிஜத்தில் முழு 8.8 விநாடி ஆகாது, அதில் ஒரு பங்குதான் ஆகும். ஆனாலும் மில்லிவிநாடியிலிருந்து விநாடிக் கணக்குக்கு வந்துவிட்டோம். சின்னக் கம்பியில் சோதித்துவிட்டுப் பெரிய கம்பிக்கும் இதுபோல்தான் இருக்கும் என்று நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான்.

தாம்சன் கேட்டது தடித்த செம்பு. இதிலும் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. செம்பின் விட்டத்தைக் கூட்டினால் மின்தடை விட்டத்தின் வர்க்கத்தில் குறையும். தேக்குத்திறனும் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆனால் அது உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டின் விகிதத்தின் மடக்கையைத்தான் சார்ந்திருக்கிறது. ஆகவே மொத்தத்தில் லாபம். ஆனால் செம்பு விலை அதிகம். ஒயிட்ஹவுஸ் தன் சோதனைகளை வைத்து வர்க்க விதியே தப்பு என்று 1856இல் வாதிட்டார். மெல்லிய கம்பியே கடலுக்குள் போனது.

1858 ஆகஸ்ட் 5 அன்று கம்பி இரு கரையையும் தொட்டது. அந்த மாதமே விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள். போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. வகுத்துப் பாருங்கள், ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம்!

சேதி மங்கலாக வந்தால் என்ன செய்வோம்? கேட்காதவரிடம் சத்தமாகப் பேசுவது போல, மின்னழுத்தத்தைக் கூட்டலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒயிட்ஹவுஸ் பெரிய தூண்டு சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்தார். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். சமன்பாடு நேரியல். மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மறுமுனையில் ஒவ்வொரு கணத்திலும் கிடைப்பது இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். மேட்டின் உயரம் கூடும், அகலம் குறையாது. குழப்பம் அகலத்தில் இருக்கும்போது உயரத்தைக் கூட்டி என்ன பயன்?

பயன் இல்லாததோடு கெடுதலும் உண்டு. செம்பு சரியாக நடுவில் இருந்தாலே 2,000 வோல்ட்டுக்குச் செம்பை ஒட்டிய கட்டாபெர்ச்சாவில் மின்புலம் மில்லிமீட்டருக்குச் சுமார் 1,300 வோல்ட் ஆகிறது. செம்பு ஓரமாக நகர்ந்த இடத்திலோ, காப்புறையில் குறை இருந்த இடத்திலோ இன்னும் அதிகம். அந்தக் கம்பியில் தயாரிப்புக் குறைகள் முன்பே இருந்தன. உயர் அழுத்தம் அவற்றைப் பெரிதாக்கியது. ஒரு மாதம்கூடத் தாங்காமல் கம்பி ஊமையாகிவிட்டது.

தாம்சனின் வழி நேர் எதிர். மேடு முழுசாக எழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அது எழ ஆரம்பிக்கும்போதே கண்டுபிடித்தால் போதாதா? அவருடைய கருவியில் ஒரு துளிக் கண்ணாடியின் முதுகில் குட்டிக் காந்தங்கள். சுற்றிலும் கம்பிச் சுருள். மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் கண்ணாடி திரும்பும், அதில் பட்ட ஒளிப்புள்ளி அளவுகோலில் நகரும். சில மின்கலங்களே போதும். சத்தமாகப் பேசுவதற்குப் பதில் காதைக் கூர்மையாக்கினார் என்று சொல்லலாம். 1866இல் ஒரு கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்போடு புதுக் கம்பி போடப்பட்டது. இந்தமுறை நிமிடத்துக்குச் சுமார் 8 சொற்கள் போயின.

சரி, ஒரு சந்தேகம் வரலாம். மின்காந்த அலை ஒளி வேகத்தில் போகும் என்று படித்தோமே, இங்கே கசிகிறது என்கிறீர்களே? தாம்சன் கணக்கில் காந்தப்புலம் இல்லை, அதாவது தன் மின்தூண்டலை விட்டுவிட்டார். அந்தக் கம்பிக்கும் அந்த மெதுவான சேதிக்கும் அது சரியான தோராயம், ஏனென்றால் மின்தடையே எல்லாவற்றையும் ஆண்டது. பிறகு ஆலிவர் ஹெவிசைட் மின்தூண்டலையும் சேர்த்து எழுதியதும் கசிவுச் சமன்பாடு அலைச் சமன்பாடாக மாறியது. கம்பியில் மின்தூண்டலை வேண்டுமென்றே கூட்டினால் சேதி உருக்குலையாமல் போகும் என்று 1887இல் அவர் காட்டினார். நீண்டதூரத் தொலைபேசிக் கம்பிகளில் இடைவெளி விட்டுச் சுருள்கள் வைத்தது இதனால்தான்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. உங்கள் கைப்பேசிச் சில்லுக்குள் இருக்கும் கம்பிகள் மிக மெல்லியவை. மின்தடை அதிகம், பக்கத்துக் கம்பியோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கேயும் தாமதம் நீளத்தின் வர்க்கத்தில்தான் ஏறுகிறது. அதனால் நீளமான கம்பியைத் துண்டுகளாக்கி நடுநடுவே சேதியைப் புதுப்பிக்கும் சுற்றுகளை வைக்கிறார்கள். பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொன்றின் தாமதமும் நூறில் ஒரு பங்கு. பத்தையும் கூட்டினால் பத்தில் ஒரு பங்கு. புதுப்பிக்கும் சுற்றுக்கும் கொஞ்சம் நேரம் ஆகும், அதனால் எத்தனை துண்டு போடுவது என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு துண்டின் தாமதத்தையும் ஒரு சுற்றின் தாமதத்தையும் எழுதிக்கொண்டு, மொத்தம் எப்போது மிகக் குறைவாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ வகைநுண்கணிதம் போதும்.