குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்த வாசனை!

மாலை விருந்துக்குப் புறப்படும்போது துளி ஸென்ட் தொட்டுக்கொள்வீர்களா? அப்படியானால் 'ஃபாம்' பிறந்த கதையைக் கேளுங்கள். பிரெஞ்சு மொழியில் 'பெண்' என்று பொருள். 1943-ல் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த சமயம். எட்மோன் ரூட்னிட்ஸ்கா வேலை செய்த கட்டடத்துக்கு ஒரு பக்கம் குப்பைமேடு; மறுபக்கம் பெயிண்ட் தொழிற்சாலை! அந்த நாற்றத்தின் நடுவே மல்லிகை, ரோஜாவோடு பிளம், பீச் பழ வாசனையையும் குழைத்தார் மனிதர். பூவிலிருந்து இறக்குவதுபோல் பீச் பழத்திலிருந்து அத்தர் இறக்க முடியாது. அந்த மணம் ரசாயனத்தின் கைவண்ணம். உடை அலங்கார நிபுணர் மார்ஸெல் ரோஷா, தம் மனைவி எலேனை மனத்தில் வைத்து 1944-ல் அதை வெளியிட்டார். மணிக்கட்டில் தொட்டதும் பழம் மணக்கும், பிறகு பூ, வீடு திரும்பும் நேரத்தில் ஓக் மரப்பாசியின் மணம்தான் மிஞ்சும்.